மூன்று முறை கீழே இழுக்கவும்

அன்று இடைக்கூடத்துக்குள் இருந்தவர்கள் நான்கு பேர். கதவுக் கம்பெனியின் கையேட்டுப் பிரிவுத் தலைவர் மருதாசலம், வயது அறுபத்து நான்கு. அவருடைய தம்பி மகள் நறுமுகை, அதே கம்பெனியில் நிரல் எழுதுகிறவள். மலைக்குள் குடைந்த அந்த விதைக் காப்பகத்தின் பொறுப்பாளர் ராக்கியப்பன். விதைத் தட்டுகளை அடுக்கும் கோகிலாமணி. இவர்களைத் தவிர, சுவரில் இருந்த திரை வழியாகக் கோயம்புத்தூரிலிருந்து பேசியவர் ஒருவர்: மருதாசலத்தின் தம்பியும் கம்பெனியின் முதலாளியுமான சென்னியப்பன். ஆக ஐந்து பேர். அதற்கு மேல் ஒருவர் தானும் அங்கே இருந்ததாகச் சொன்னால், அவர் இருக்கவில்லை.

மருதாசலத்தின் அப்பா இரும்புக் கதவு செய்தவர். பஞ்சுக் கிடங்குக்கும் மஞ்சள் கிடங்குக்கும் அவர் செய்த கதவுகள் இன்றும் நிற்கின்றன. எந்தக் கதவையும் பட்டறையை விட்டு அனுப்பும் முன் அவரே அதற்குள் போவார். வெளியே பூட்டச் சொல்வார். பிறகு தம் கையால் திறந்துகொண்டு வருவார். வந்த பிறகுதான் வண்டியில் ஏற்ற விடுவார்.

பிள்ளைகள் காலத்தில் கதவுக்குள் கணினி புகுந்தது. பூட்டுவதையும் திறப்பதையும் நிரல் பார்த்துக்கொண்டது. தம்பி தொழிலை நடத்தினார், அண்ணன் கையேடுகளை எடுத்துக்கொண்டார். அப்பாவின் வழக்கத்தை அவர் கையேட்டுக்குள் கொண்டுவந்தார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு வரி இருக்க வேண்டும்: ‘நான் என் கையால் செய்து பார்த்தேன்.’ அதன் கீழே பெயரும் பெருவிரல் ரேகையும். அந்த வரி இல்லாத பக்கம் வெளியே போகாது. முப்பத்தொரு வருடமாக அப்படி ஒரு பக்கமும் போனதில்லை. கையேட்டை நம்பி ஊர் கதவு வாங்குவது எங்கள் குடும்பத்திடம் மட்டும்தான் என்று மருதாசலம் கல்யாண வீடுகளில் சொல்வார். யாரும் மறுத்ததில்லை.

வருடத்துக்கு ஒரு முறை, முக்கியமான ஒரு கதவை அவரே நேரில் போய்ச் சோதிப்பார். அந்த வருடம் விதைக் காப்பகத்தின் முறை. கோத்தகிரி போகும் பாதையில், பாறைக்குள், மூவாயிரம் வகை நெல்லும் சோளமும் வரகும் குளிரில் உறங்கும் இடம் அது. விதை கெடாதிருக்க உள்ளே நைட்ரஜன் நிரப்பியிருந்தார்கள். முகமூடியில்லாமல் அங்கே மூச்சு விட முடியாது. அதனால்தான் இரண்டு கதவுகள். விதை அறைக்கும் சுரங்கப் பாதைக்கும் நடுவே ஒரு சிறு இடைக்கூடம். உள்கதவு நன்றாக மூடிய பிறகே வெளிக்கதவு திறக்கும்.

காலை பத்து நாற்பதுக்கு நால்வரும் விதை அறையிலிருந்து இடைக்கூடத்துக்கு வந்து, வழக்கப்படி முகமூடிகளைக் கழற்றி, அவற்றை விதை அறைக்கே திருப்பி அனுப்பும் சுவர்ப்பெட்டியில் போட்டார்கள். பெட்டி மூடிக்கொண்டது. உள்கதவு நகர்ந்து வந்து, ஒரு விரல் அகலம் மிச்சமிருக்கும்போது நின்றது.

“ஓரத்துல பனி கட்டீருக்குதுங்க” என்றார் ராக்கியப்பன், குனிந்து பார்த்து. “ரப்பர்ல ஒட்டிக்கிச்சு. மார்கழில ரெண்டு வாட்டி இப்பிடி ஆயிருக்குது.”

திரையில் சிவப்பெழுத்து வந்தது: உள்கதவு பொருந்தவில்லை. வெளிக்கதவு திறக்காது. அதன் கீழே ஓர் எண். காற்றில் ஆக்சிஜன், நூற்றுக்கு இருபது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பத்தொன்பது புள்ளி எட்டு ஆனது. அந்த ஒரு விரல் இடைவெளி வழியாக நைட்ரஜன் வந்துகொண்டிருந்தது.

“பயப்படாதீங்க, இதுக்குத்தான் அந்தப் பிடி இருக்குது” என்று ராக்கியப்பன் வெளிக்கதவின் பக்கத்திலிருந்த சிவப்புப் பிடியை மூன்று முறை கீழே இழுத்தார். போன மார்கழியில் அப்படித்தான் வெளியே வந்திருந்தார். இப்போது ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் மூன்று முறை இழுத்தார். பிடி ஆடியது, கதவு அசையவில்லை.

“மாமன் மச்சான் வீட்டுக் கதவா இருந்தா ஒதைச்சுத் தொறந்துக்கலாம்” என்றார். யாரும் சிரிக்கவில்லை.

நறுமுகை திரையில் அப்பாவைக் கூப்பிட்டாள். சென்னியப்பனின் முகம் வந்தது. வெளியிலிருந்து எஃகை அறுக்க ஆள் வர மூன்று மணி நேரம் ஆகும் என்று விசாரித்துச் சொன்னார். அவள் எண்ணைப் பார்த்துக் கணக்குப் போட்டாள். “நமக்கு முக்கா மணி நேரம் இருக்குதுங்கப்பா. அதுக்கு மேல மயக்கம் வந்துரும்.”

கோகிலாமணி சுவரோரமாகக் கீழே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வீசிங் உண்டு. மூச்சு மருந்து வெளியே அவள் பையில் இருந்தது. விதை அறைக்குள் சொந்தப் பொருள் எதையும் எடுத்து வரக் கூடாது என்பது காப்பக விதி.

நறுமுகை அந்தக் கதவின் கையேட்டைத் திரையில் எடுத்தாள். ஒன்பதாம் பகுதி, ‘கதவைப் பேணுதல்’. அடுத்தது பத்தாக இருக்க வேண்டும், ‘கதவு சிக்கினால்’. அது இல்லை. ஒன்பதோடு கையேடு முடிந்துவிட்டது.

“பத்தைக் காணோம்” என்றாள்.

“காணோம்னா?” என்றார் ராக்கியப்பன்.

“பத்தாவது பகுதில தான் இந்தப் பிடியப் பத்தி எழுதியிருக்கும். கையேட்டுல இல்லைன்னா நிரல்லயும் இருக்காதுங்க. அதான் பிடி வேலை செய்யல.”

“அதென்ன கண்ணு கணக்கு? பொஸ்தகத்துல இல்லைன்னா கதவு மறந்துருமா?”

“மறந்துரும்ங்க. நிழல் அப்பிடித்தான்.”

நிழல் என்பது நிரலையும் கையேட்டையும் ஒன்றுபோல வைத்திருக்க நறுமுகை எழுதிய கருவி. அதற்கு முன்பு, நிரல்காரர்கள் காலையில் ஒன்றை மாற்றினால் கையேட்டுப் பிரிவுக்கு அது தெரியவர மூன்று வாரம் ஆகும். பதினான்கு பேர் நிரலின் பின்னால் ஓடிக்கொண்டே இருந்தார்கள். வாடிக்கையாளர் ஒருவர் இல்லாத பொத்தானை அரை நாள் தேடிய கதையும் உண்டு. நிழல் வந்த பிறகு, நிரல் மாறிய மறுகணம் பக்கமும் மாறியது. மூன்று பேர் மேற்பார்த்துக் கையெழுத்திட்டால் போதும். மற்ற பதினொரு பேரும் போய்விட்டார்கள்.

“போன வருசம் காப்பகத்துக்காரங்கதான் கேட்டாங்க” என்றாள் நறுமுகை. “கையேட்டுல சொல்லாத எந்த வேலையும் நிரலுக்குள்ள ஒளிஞ்சிருக்கக் கூடாது, திருடன் வெச்ச வழியா இருந்தா என்ன பண்றதுன்னு. அதனால நிழலை ரெண்டு திசையிலயும் ஓட விட்டோம். நிரல் மாறுனா பக்கம் மாறும். பக்கம் மாறுனா நிரல் மாறும். பக்கத்துல இல்லாதது நிரல்ல இருந்தா, எடுத்துரும்.”

“அப்போ யாரோ பக்கத்தை எடுத்துட்டாங்க.”

“ஆமாங்க.”

“எந்த எழவெடுத்தவன் அந்த வேலையப் பண்ணுனான்? வெளிய போனதும் அவன் கையை ஒடிக்கோணும்.”

மருதாசலம் உள்கதவின் இடைவெளியைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதுகு நேராகத்தான் இருந்தது.

பன்னிரண்டு நாளைக்கு முன், ஒரு டெண்டர் கூட்டம். போட்டிக் கம்பெனிக்காரன் ஒருவன் எழுந்து, ‘இவங்க கதவு சிக்குமாம், இவங்களே அச்சடிச்சு வெச்சிருக்காங்க’ என்று பத்தாம் பகுதியை உரக்கப் படித்தான். இருபது பேர் சிரித்தார்கள். அப்பாவின் பெயர் பொறித்த பலகையின் கீழே இருந்த அலுவலகத்துக்கு மருதாசலம் அன்று மாலையே திரும்பினார். எங்கள் கதவு சிக்காது, சிக்காத கதவுக்கு இந்தப் பகுதி எதற்கு என்று எடுத்துவிட்டார். சேர்ப்பதற்குத்தான் ரேகை வேண்டும். நீக்குவதற்கு வேண்டாம். இல்லாத வரியில் என்ன பொய் இருந்துவிட முடியும் என்று நினைத்து அவரே வகுத்த விதி அது. முன்பென்றால் ஒரு பத்தியை எடுத்தால் பக்கத்து மேசையிலிருந்து சுலோச்சனா ஏன் என்று கேட்டிருப்பாள். போய்விட்ட பதினொரு பேரில் அவளும் ஒருத்தி. அந்த மேசை காலியாக இருந்தது.

நறுமுகை மாற்றங்களின் பட்டியலைத் திறந்தாள். ஒரு மாதத்துக்கு உண்டான மாற்றங்கள் அதில் இருக்கும். விரலால் தள்ளிக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நிறுத்தினாள். பெரியப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பட்டியலை மூடிவிட்டாள்.

“யாருன்னு தெரிஞ்சுதா அம்மிணி?” என்றார் ராக்கியப்பன்.

“அது இப்ப எதுக்குங்க?”

எண் பதினெட்டு என்றது. கோகிலாமணியின் மூச்சில் சன்னமாக விசில் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு நடுவே மருதாசலம் இரண்டு நிமிடம் பேசாமல் நின்றார். அந்த இரண்டு நிமிடத்தையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

“நான் எடுத்தேன்” என்றார். “பத்தாவது பகுதிய எடுத்தது நான்தான்.”

ராக்கியப்பன் அவரை மேலும் கீழும் பார்த்தார். “நீங்களுங்களா?”

“ஆமா.”

“என்னத்துக்குங்க?”

“எங்க கதவு சிக்கும்னு எங்க பொஸ்தகத்துலயே இருக்கறது எனக்குப் பிடிக்கல.”

“நல்லாருக்குதுங்க” என்றார் ராக்கியப்பன். அதற்கு மேல் அவர் கையை ஒடிப்பதைப் பற்றிப் பேசவில்லை. அது மருதாசலத்துக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

திரையிலிருந்து சென்னியப்பன் பேசினார். “ஆனது ஆயிப்போச்சு. திருப்பிச் சேர்த்தா சரியாப்போகுது. நறுமுகை, டைப் பண்ணு.”

அவள் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்தாள். ‘பத்து. கதவு சிக்கினால், வெளிக்கதவின் அருகிலுள்ள சிவப்புப் பிடியை மூன்று முறை கீழே இழுக்கவும். வெளிக்கதவு திறக்கும்.’ அதன் அடியில், கேட்காமலே, அந்த வரி வந்து நின்றது: நான் என் கையால் செய்து பார்த்தேன். பெயர்: மருதாசலம். ரேகைக்கான வட்டம் மினுங்கியது.

“வைங்க பெரியப்பா. ரேகை வெச்ச உடனே நிழல் நிரலை எழுதிரும். பத்து செகண்டு.”

மருதாசலம் கையை நீட்டவில்லை.

“நான் செஞ்சு பாக்கலையே” என்றார்.

“போன மார்கழில ராக்கியப்பண்ணன் செஞ்சு பாத்தாருங்க.”

“அது பழைய நிரல். இது இப்ப எழுதப்போறது. அதை யாரும் செஞ்சு பாக்கல. பாத்தேன்னு எப்பிடி ரேகை வெக்கறது?”

“அண்ணா” என்றார் சென்னியப்பன், “ரேகை வெச்சதும் இழுத்துப் பாருங்க. பத்து செகண்டு முந்துது, அவ்வளவுதான? இதையா பெருசு பண்றீங்க?”

“அப்பா ஒரு தடவை உள்ள போகாம கதவை அனுப்பியிருக்காரா?”

“அப்பா காலத்துல கதவு கையேட்டைப் படிக்கலைங்கண்ணா!”

“வரியை மட்டும் எடுத்துரு நறுமுகை. பார்த்தேன்ங்கற வரி இல்லாம அனுப்பு.”

“முடியாதுங்க பெரியப்பா. அந்த வரி இல்லாம எதையும் நிழல் ஏத்துக்காது. நீங்க சொல்லித்தான் அப்பிடி வெச்சேன். எடுத்த பகுதியத் திரும்பச் சேர்க்க எடுத்தவரு ரேகைதான் வேணும், வேற யாரு ரேகையும் செல்லாது. நிழலையே நிறுத்தலாம்னா நாலு மணி நேரம் ஆகும்.” அவள் நிரலைத் திறந்தாள். “நானே நேரா நிரல்ல எழுதினாலும், பக்கத்துல இல்லைன்னு அழிச்சிரும். பாருங்க.” எழுதிக் காட்டினாள். எழுத்துகள் வந்த வேகத்தில் மறைந்தன.

அறுபத்து நான்கு வருடத்தில் மருதாசலம் பார்த்த எல்லாக் கதவுகளும் ஒரு பக்கம் பூட்டினால் மறுபக்கம் திறக்கிறவை. இது எல்லாப் பக்கமும் அவர் கையாலேயே பூட்டப்பட்டது.

“அப்ப நடந்ததை எழுதறேன்” என்றார். “பொய் எதுக்கு? ‘இந்தக் கதவு சிக்கியது. நான்கு பேர் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். பிடி வேலை செய்யவில்லை.’ இதை நான் பாத்தேன். இதுக்குத் தைரியமா ரேகை வெப்பேன். அதுக்குக் கீழ உன்ற வரியைச் சேரு.”

அவர் திரையை நோக்கிக் கை நீட்டியதும் நறுமுகை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். பெரியப்பாவின் கையை அவள் அப்படிப் பிடித்ததே இல்லை.

“அதை எழுதாதீங்க. சாமி சத்தியமா எழுதாதீங்க. நடந்தது, நடக்கோணும்ங்கற வித்தியாசம் நிழலுக்குத் தெரியாதுங்க. கையேட்டுல என்ன இருக்குதோ அதுதான் கதவோட வேலைன்னு எடுத்துக்கும். ‘பிடி வேலை செய்யவில்லை’ன்னு எழுதினா, வேலை செய்யாம இருக்கற மாதிரி நிரல் எழுதிரும்.”

“அப்ப இந்தப் பொஸ்தகத்துல உண்மைய எழுத முடியாதா?”

நறுமுகை அவர் கையை விட்டாள். நிழல் அவள் எழுதிய கருவி. ஒரு பக்கம்கூடப் பொய்யாகாத கையேடு என்று அதற்குப் பரிசு வாங்கியிருந்தாள். எழுதியது எல்லாம் மறுகணம் உண்மையாகிவிடும் என்றால், கையெழுத்து போடுகிறவன் எதற்கு என்று அவளும் அப்போதுதான் யோசித்தாள் என்று மருதாசலத்துக்குத் தோன்றியது.

எண் பதினாறுக்கு வந்தது. ராக்கியப்பன் தன் சட்டையைக் கழற்றி அந்த ஒரு விரல் இடைவெளியில் திணித்துக்கொண்டிருந்தார். நைட்ரஜன் வருவது கொஞ்சம் குறைந்தது, முழுக்க நிற்கவில்லை. வெற்றுடம்போடு குளிரில் நடுங்கிக்கொண்டு, “சித்தெ சீக்கிரம் முடிவு பண்ணுங்க” என்றார்.

கோகிலாமணி அதுவரை ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. இப்போது ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு எடுத்துப் பேசினாள்.

“ஏனுங்... பெரியவரே. உங்க பேரு... கெடாம இருக்கறதுக்கு... நான் பொணமாகோணுங்களா?”

“அப்பிடி இல்லம்மா...”

“வேற எப்பிடிங்க? என்ற புள்ள... அஞ்சாவது படிக்கறா. அவளுக்குப் போய்ச் சொல்லுங்க. உங்கம்மா... செத்துப்போயிட்டா. ஆனா நான்... பொய்க் கையெழுத்து போடலைன்னு.”

மருதாசலம் வட்டத்தில் பெருவிரலை வைத்தார்.

திரையில் பக்கம் பச்சையானது. அவர் பிடியைப் பற்றிக்கொண்டு காத்திருந்தார். பத்து வினாடி என்பது எவ்வளவு நீளம் என்று அவருக்கு இன்றும் கணக்குத் தெரியும். பிறகு இழுத்தார். ஒன்று. இரண்டு. மூன்று. வெளிக்கதவு பெருமூச்சு விட்டதுபோல் திறந்தது. சுரங்கப் பாதையின் காற்றில் டீசல் வாடை அடித்தது. ராக்கியப்பனும் நறுமுகையும் கோகிலாமணியை இரு பக்கமும் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மருதாசலம் கடைசியாக வந்தார். நாற்பத்தேழு நிமிடம் ஆகியிருந்தது.

கோகிலாமணி மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பிழைத்துக்கொண்டாள். இப்போது மேட்டுப்பாளையத்தில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். மூடிய அறை எதற்குள்ளும் போவதில்லை.

விசாரணை அதிகாரி வர நாற்பது நாள் ஆனது. நிழல் மாற்றங்களின் பட்டியலை ஒரு மாதம்தான் வைத்திருக்கும். அதிகாரி கையேட்டைப் பார்த்தார், பத்தாம் பகுதி இருந்தது. பிடியை மூன்று முறை இழுத்தார், கதவு திறந்தது. அடியில் ரேகை சரியாக இருந்தது.

“கையேடும் கதவும் ஒத்துப்போகுது சார். நான் என்ன குறைன்னு எழுதறது?”

“அன்னைக்கும் ஒத்துப்போச்சு. அதுதான் குறை” என்றார் மருதாசலம். “ரெண்டுமே தப்பா ஒத்துப்போச்சு. எடுத்தது நான். அப்புறம் செஞ்சு பாக்காமயே பாத்ததா ரேகை வெச்சேன். எழுதிக்குங்க.”

“அதுக்கு ஆதாரம்?”

“நான் சொல்றேனே.”

“நீங்க சொல்றதுக்கு எதிரா நீங்களே கையெழுத்து போட்டிருக்கீங்களே சார்” என்று அதிகாரி சிரித்தார். குறை எதுவும் இல்லை என்று எழுதிவிட்டுப் போனார்.

அன்று காரில் திரும்பும்போது சென்னியப்பன் சொன்னார். “தப்பிச்சோம்ங்கண்ணா. அப்பா பேரு தப்பிச்சுது. இதோட விட்டுருங்க.”

“அப்பா பேரு உள்ளதான் இருக்குது சென்னி” என்றார் மருதாசலம். “இன்னும் வெளிய வரல.”

நீக்குவதற்கும் ரேகை வேண்டும் என்று விதியை மாற்றினார். சுலோச்சனாவைத் தேடிப் போய்த் திரும்ப அழைத்து வந்தார். ஆனால் நடந்ததைக் கையேட்டில் எழுத முடியவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு கதவுகள் அந்தக் கையேட்டைப் படித்துக்கொண்டிருந்தன. கடைசியில் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, பேனாவால், தம் கையெழுத்தில் எழுதினார். உள்ளே இருந்த நான்கு பேரின் பெயர். நாள். நாற்பத்தேழு நிமிடம். பகுதியை எடுத்தவர் யார், எதற்காக. அதைக் கொண்டுபோய் இடைக்கூடத்துச் சுவரில், சிவப்புப் பிடிக்கு மேலே ஒட்டினார். கம்பெனி ஆட்கள் ஒரு முறை கிழித்தார்கள். மறுமாதம் போய் மறுபடி ஒட்டினார். ராக்கியப்பன் பசை டப்பாவைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். தாளில் எழுதியதை எந்தக் கதவும் படிப்பதில்லை. மனிதர்கள் மட்டும் படிக்கிறார்கள்.

உறவினர் வீடுகளில் இப்போது ஒரு பேச்சு இருக்கிறது. மருதாசலம் அந்தப் பிடியை முன்கூட்டியே தம் கையால் சோதித்து வைத்திருந்தார், அந்தக் குடும்பத்து வழக்கம்தான் அன்று நான்கு உயிரைக் காப்பாற்றியது என்கிறார்கள்.

அவர் சோதித்திருக்கவில்லை.